ஒரு காலுக்குக் கோத்த மணி

இராயபுரம்,
9 ஜனவரி 2024

பிரியமுள்ள மகன் அஜினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் மனைவி ஜெனியும் சுகமாக இருக்கிறோம். மழைக்கு வந்த முழங்கால் வலி வெயில் வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது, வேறு குறை இல்லை. உன் உடம்பு எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் "எப்பம் வாறே" என்று நான் கேட்டவுடன் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். தவிர, இது வியாபார விஷயம். வாய்ப்பேச்சை நம்பிச் சரக்குப் போட்டு நான் பட்டது போதும்.

போன மாதம் உன் கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு படம் அனுப்பினாய். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஒரு பெண் நிற்கிறாள், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மணி. நாற்பது வருஷமாகப் பாசிமணி விற்கிறவன் கண் வேறு எங்கே போகும்? பெரிதாக்கிப் பார்த்தேன். கடுகு மாதிரிக் கண்ணாடி மணி, ஆரஞ்சும் மஞ்சளும், நடுவில் கறுப்புக் கட்டம். ஒரு கோடு தப்பவில்லை. அது என்ன, யார் போடுவது, எப்படிக் கோக்கிறார்கள் என்று விசாரித்து மாதிரி ஒன்று அனுப்பு.

இங்கே புயலோடு சேர்ந்து ஆற்றில் எண்ணெய் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிறவர்களுக்கு வலையும் போயிற்று, பிடிப்பும் போயிற்று. அந்தப் பெண்களை வைத்து மணி கோக்க ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். தர்மம் என்று நினைத்துவிடாதே. வேலை இல்லாத ஊரில் ஆள் சுலபமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஜெனிதான் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகவே பார்க்கிறாள்.

நீ கப்பல் ஏறி அடுத்த மாதத்தோடு நாலு வருஷம். கப்பலை விட்டு அந்தப் பனாமா ஊரில் கடை வேலைக்கு இறங்கியதற்கு நீ சொன்ன காரணத்தை நான் கேட்டுக்கொண்டேன். இந்த கிறிஸ்துமஸுக்கும் ஜெனி உனக்கு ஒரு சட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். வருகிற கிறிஸ்துமஸுக்காவது அதைப் போட ஆள் வர வேண்டும்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும் அப்பா,
தேவப்பிரியம்


கொலோன், பனாமா,
22 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு அஜின் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டரிடம் போங்கள், தைலத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படத்தில் பார்த்தது குனா என்ற பழங்குடிப் பெண். அவர்கள் கடலோரத் தீவுகளில் வாழ்கிறவர்கள், இந்த ஊருக்குள்ளும் நிறையப் பேர் உண்டு. துணி மேல் துணி வைத்து வெட்டித் தைத்து ரவிக்கையின் முன்னும் பின்னும் வைப்பார்கள், அது மோலா. கையிலும் காலிலும் சுற்றும் மணி, வினி. ஒரே நீள நூல் அப்பா. கோத்து முடித்துத் தரையில் போட்டால் ஒன்றும் தெரியாது, நிறங்கள் இஷ்டத்துக்குக் கலந்து கிடப்பது போலிருக்கும். காலில் இறுக்கிச் சுற்ற ஆரம்பித்ததும் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று உட்கார்ந்து கோலம் எழும்பும். முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கழற்றிக் கழற்றிப் போடுவதில்லை. நூல் நைந்தால் அறுத்துவிட்டுப் புதிது கட்டுவார்கள்.

இதில் வியாபாரம் வேண்டாம் அப்பா. வெளிநாட்டில் செய்த நகலை இங்கே கொண்டுவந்து விற்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. அவர்களே போராடி வாங்கிய சட்டம். பெண்களும் கெட்டி. வீடு பெண்ணுடையது, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள்.

நீங்கள் கேட்டதற்காக அறுத்த நூல் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். சந்தையில் ஒரு அம்மாளிடம் வாங்கியது. ஜெனியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
அஜின்


இராயபுரம்,
16 ஏப்ரல் 2024

மகன் அஜினுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டேன், டாக்டருக்கு நல்ல சுகம்.

உன் நூல் என் கழுத்தை அறுத்தது. கேள். பார்சல் வந்த அன்றே ஷெட்டுக்குக் கொண்டுபோய், மணிக்கு மணி பார்த்துக் கோக்கச் சொல்லி இருநூறு உருப்படி போட்டேன். பனாமாவில் விற்றால்தானே உன் சட்டம்? கோவாவுக்கும் மகாபலிபுரத்துக்கும் கொலுசாக அனுப்பலாம் என்று கணக்கு. அனுப்புவதற்கு முன் ஜெனி காலில் சுற்றிப் பார்த்தாள். ஆரஞ்சு ஒரு பக்கம் ஓடுகிறது, கறுப்பு இன்னொரு பக்கம் சரிகிறது. வேறொருத்தி காலில் சுற்றினோம். அதைவிட மோசம். தண்டையார்பேட்டையிலிருந்து வேலைக்கு வருகிற பதுருன்னிசாவுக்கு எப்போதும் வாய்த்துடுக்கு.

"இன்னா சார் இது, மெஹந்தி போட்ட கையோட தூங்கி எய்ந்தா மாரி ஈஷிக்கினு கீது?"

"நீதாம்மா கோத்தே. மாதிரியப் பாத்துத்தான கோத்தே?"

"மாதிரியே கலீஜா கீது சார். பேஜாரு புடிச்ச மாதிரி. பனாமாக்காரன் உன்கு குல்லா போட்டான்."

அனுப்பியது என் மகன் என்று நான் சொல்லவில்லை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவளுக்கு நவ்ரீன் என்று இரண்டு வயதுப் பெண் பிள்ளை உண்டு, அதை ஷெட்டுக்குக் கூடவே கூட்டி வருவாள். அது அழுதது. அழுகையை நிறுத்த நீ அனுப்பிய மாதிரி நூலையே எடுத்துப் பிள்ளை காலில் சுற்றியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரே கத்தல்.

"சார்! ஓடியா சார்! பாப்பா கால்ல வந்துகுது பாரு!"

நான் காலை இழுத்துக்கொண்டு போவதற்குள் ஜெனி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னக் காலில் கட்டம் கட்டமாக, மணி பிசகாமல், நீ படத்தில் அனுப்பினது போலவே கோலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலின் சுற்றளவைப் பார்த்துத்தான் நிறத்தின் வரிசையைப் போட்டிருக்கிறார்கள். பருமன் மாறினால் கோலம் கலைந்துவிடும். கோக்கிறவள் காலைத் தொட்டுப் பார்க்காமல் இதைக் கோக்கவே முடியாது. இவ்வளவு பெரிய சங்கதியை ஒரு வரி எழுத உனக்கு என்ன கேடு?

சரி, போனது போகட்டும். நீ அனுப்பியது பிள்ளை அளவு. பெரிய பெண்ணுடையது ஒன்று அனுப்பு, நான் நாலைந்து அளவில் பிரித்துப் போட்டுக்கொள்கிறேன்.

ஜெனி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் என்றாள். மாமியார் வீட்டுக்கு மூட்டை தூக்கும் மாப்பிள்ளைக் கதையை வாசித்துக் காட்டினேன், அதற்கும் சிரிக்கவில்லை. வேறு புதினம் இல்லை.

அப்பா


கொலோன்,
18 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு. நான் சுகம், நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

நஷ்டத்துக்கு நான் காரணமாகிவிட்டேன். அந்த அம்மாள் தவறிப்போய்ப் பிள்ளையுடையதைக் கொடுத்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. அளவு பார்த்துக் கோப்பார்கள் என்பதை எழுதாமல் விட்டதும் என் தப்புதான். பெரியவர்களுடையதைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் அப்பா. நகல் எடுக்க என்று தெரிந்தால் முகத்தில் அடித்தாற்போல் போகச் சொல்வார்கள். விட்டுவிடுங்கள்.

இங்கே இந்த மாதம் ஒரு தீவில் இருந்தவர்களை எல்லாம் கரைக்குக் குடி மாற்றினார்கள். கடல் ஏறி வீட்டுக்குள் வருகிறது, அதனால் அரசாங்கம் கரையில் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. மூன்று நாள் லீவு போட்டுப் போய்ப் படகில் சாமான் ஏற்றிக் கொடுத்தோம். ஒரு கிழவர் தொங்கு தூளியைக் கழற்ற விடாமல் அதிலேயே படுத்திருந்தார். கடைசியில் தூளியோடு தூக்கிக்கொண்டு போனோம். எண்ணூர்ப் பக்கம் கடல் தின்ற தெருக்கள் ஞாபகம் வந்தது.

வேலை அதிகம். கிறிஸ்துமஸ் பற்றி முதலாளியிடம் கேட்கிறேன்.

அஜின்


இராயபுரம்,
12 ஜூலை 2024

மகனுக்கு அப்பா எழுதுவது. சுகம்.

சாமான் ஏற்றிக் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறாய். யார் யார்? தெரியாத ஊர் வீட்டுச் சாமானுக்கு மூன்று நாள் லீவு கொடுக்கிற முதலாளி, உன் அம்மா செத்தபோது ஒரு நாள் கொடுக்கவில்லை. அந்த மழையில் சவப்பெட்டியின் ஒரு பக்கத்தை நானே பிடித்தேன். சரி, அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இருநூறு உருப்படியை வீணாக்க நான் என்ன கவர்மென்டா? "குழந்தைக் கொலுசு" என்று சின்ன அட்டையில் சுற்றிப் பாக்கெட் போட்டேன். இரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். கொஞ்சம் கோணினால் தாய்க்காரி கண்டுகொள்ள மாட்டாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு வியாபாரி முழுவதும் கேட்கிறான். இன்னும் ஐந்நூறுக்குக் கோக்கிறார்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. ஜெனியின் அப்பா திசையன்விளையிலிருந்து வந்திருந்தார். காப்பியைத் தொடவில்லை.

"சம்பந்தி, ஒண்ணு அவன வரச் சொல்லுங்க. இல்லன்னா பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். முப்பது வயசுல விதவை மாதிரி உக்காத்தி வச்சிருக்கீங்க."

ஜெனிதான் சொன்னாள்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்கப்பா."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாக்கிக்காரனுக்குக் கடைசித் தவணை சொல்கிற மாதிரி இருந்தது. அதனால் எழுதுகிறேன். டிசம்பரில் நீ வந்தால் உனக்கு மனைவி இருப்பாள். வராவிட்டால் இருக்க மாட்டாள். இதற்கு மேல் விளக்கமாக எனக்கு எழுதத் தெரியாது.

பெரிய அளவு மாதிரியையும் மறக்காதே.

அப்பா


கொலோன்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு. சுகம், சுகத்துக்கு எழுதுங்கள். அவசரத்தில் எழுதுகிறேன், கூரியர்க்காரன் கீழே நிற்கிறான்.

நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். இதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன். இது பெரிய பெண் ஒருத்தியின் கையில் கட்டியிருந்தது, சரியாக வரும். இதற்கு மேல் என்னால் முடியாது, கேட்காதீர்கள்.

டிசம்பருக்கு முயற்சி செய்கிறேன். மாமாவிடம் சொல்லுங்கள்.

அஜின்


இராயபுரம்,
20 செப்டம்பர் 2024

மகன் அஜினுக்கு. நான் சுகம்.

இரண்டாவது நூல் வந்தது. பெரிய பெண்ணின் கை என்று எழுதியிருந்தாய். ஷெட்டில் உள்ள எல்லாப் பெண்களின் கையிலும் சுற்றிப் பார்த்தேன். ஜெனி கை எலும்பும் தோலும்தான், அதிலும் வரவில்லை. பதுருன்னிசா கேட்டாள்: "எங்க நவ்ரீன் கால்ல வச்சுப் பாக்கட்டா சார்?" வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

வந்தது. ஏப்ரலில் கோலம் எழும்பின அதே காலில். நவ்ரீன் இந்த ஐந்து மாதத்தில் வளர்ந்திருக்கிறாள், பழைய நூல் இப்போது அவளுக்குச் சேராது. அவள் வளர்ந்த அளவுக்கு இந்த நூலும் வளர்ந்திருக்கிறது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் சரக்கு ஒரே இடத்திலிருந்து வருகிறதா, இரண்டு இடத்திலிருந்தா என்று பார்க்கத் தெரியும். கோத்த கை ஒரே கை. நூலைத் தொடங்குகிற இடத்தில் ஒரு பச்சை மணி, முடிகிற இடத்தில் ஒரு பச்சை மணி, இரண்டிலும். சந்தை அம்மாள் ஒரே பிள்ளையின் காலை உனக்கு இரண்டு தடவை விற்பாளா? அறுத்துக் கழற்றிய நூல் கேட்டவுடன் எந்த வீட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும்?

உன் அம்மா செத்த மழைக்கு இந்த நவம்பரோடு மூன்று வருஷம். பிள்ளையின் வயசோடு அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நீயாக எழுது.

வேளாங்கண்ணிக்குச் சரக்கு போகவில்லை. வியாபாரி கத்தினான், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்களை உட்கார வைத்து எல்லாக் கொலுசையும் அறுத்து மணியை உதிர்த்தாகிவிட்டது. "பைத்தியமா சார் உன்கு, நல்லா போற சரக்கு" என்றாள் பதுருன்னிசா. கறுப்பு ஒரு டப்பா, மஞ்சள் ஒரு டப்பா, ஆரஞ்சு ஒரு டப்பா. அந்தக் கால் அளவைக் கண்டவன் விலை பேச நான் விட மாட்டேன்.

ஜெனிக்குத் தெரியாது. தெரிய விட மாட்டேன். இரண்டு நூலும் தொலைந்துவிட்டன என்று சொல்லி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அப்பா


இராயபுரம்,
30 அக்டோபர் 2024

அஜினுக்கு. சுகம். மழை தொடங்கிவிட்டது.

என் கடிதம் கிடைத்ததா இல்லையா? கூரியர் சீட்டில் உன் கையெழுத்து இருக்கிறது. போனை எடுக்கவும் மாட்டேன் என்கிறாய். பிள்ளைக்குச் சுகந்தானா? அதையாவது எழுது.

அப்பா


கொலோன்,
14 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு. நான் சுகம். நீங்களும் ஜெனியும் சுகம் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஏதேதோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். வயசாகிவிட்டால் இப்படித்தான் தோன்றும். அதையெல்லாம் விடுங்கள். நல்ல செய்தி சொல்கிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன். டிசம்பர் 18 காலையில் மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். கடை வேலையை விட்டுவிட்டேன், இனி இந்தப் பக்கம் திரும்புவதாக இல்லை. ராயபுரம் கடையிலேயே உங்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். மாமாவிடம் சொல்லிவிடுங்கள். ஜெனிக்கு ஒரு சங்கிலி வாங்கியிருக்கிறேன், அதைச் சொல்லிவிடாதீர்கள்.

மணி வியாபாரத்தையும் நாம் பெரிதாகச் செய்யலாம். எனக்கு இப்போது நாலைந்து கோலம் வரிசையோடு தெரியும். வளரும் காலுக்கு எங்கே மணி கூட்டுவார்கள் என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே வந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேன் அப்பா. எனக்கு இங்கே ஒன்றும் இல்லை.

உங்கள் மகன்,
அஜின்


காத்திவாக்கம் ஷெட்,
27 நவம்பர் 2024

அஜின் அத்தானுக்கு. அத்தான் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை, இருக்கட்டும். நான் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை.

மாமா உங்கள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். செப்டம்பரிலிருந்து என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தார். நான் ஏப்ரலிலிருந்து அவரிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். நவ்ரீன் காலில் முதல் நூல் உட்கார்ந்தபோது எல்லாரும் கோலத்தைப் பார்த்தார்கள். நான் நூலின் முனையைப் பார்த்தேன். நைந்து அறுந்த முனையை இன்னொரு நூலால் சுற்றி, கப்பலில் கயிற்று முனைக்குக் கட்டுகிற கட்டு. கல்யாணமான புதிதில் என் ஜன்னல் திரைக் கயிற்றுக்கு, மாமா மூக்குக்கண்ணாடிக் கயிற்றுக்கு எல்லாம் நீங்கள் போட்டுத் தந்த அதே கட்டு. சந்தையில் வாங்கிய நூலுக்கு யார் அப்படிப் பொறுமையாகக் கட்டுவார்கள்? அது பிள்ளையின் காலைக் குத்தாமல் இருக்கக் கட்டினது.

பெரிய அளவு ஒன்று கேளுங்கள் மாமா என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இல்லை என்று ஆகிவிடாதா என்று ஒரு நப்பாசை. இரண்டாவது நூல் வந்தது. இரண்டையும் மாமாவுக்குத் தெரியாமல் அவர் பையிலிருந்து எடுத்து என் விரல்களில் சுற்றிப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் கால் பருமன் எனக்குத் தெரியும். உங்கள் கை எப்படி இருக்கும் என்பது மறந்துவிட்டது.

அப்போதும் நீங்கள் வந்தால் சேர்ந்து இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிள்ளையையும் கூட்டி வந்தால் வளர்க்கலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படிக்கும் வரை.

"எனக்கு இங்கே ஒன்றும் இல்லை." இதே வார்த்தையை அந்த ஊர்ப் பாஷையில் அவளிடம் சொல்லித்தானே அந்த வீட்டுக்குள் போனீர்கள்? அப்போது "அங்கே ஒன்றும் இல்லை" என்றது என்னை. இப்போது அவளையும் அந்தப் பிள்ளையையும் சொல்கிறீர்கள். கூடவே அவள் கோக்கிற வரிசையையும் பார்த்து வைத்துக்கொண்டு வருகிறீர்கள். மூன்றாவதாக ஒரு ஊருக்குப் போனால் மறுபடியும் என்னைச் சொல்வீர்கள்.

என் அப்பாவிடம் பேசிவிட்டேன். ஊருக்குப் போகவில்லை, ஷெட்டிலேயே இருக்கிறேன். வக்கீல் காகிதம் அனுப்புவார். ஒரு கையெழுத்து, வேறு தொந்தரவு இல்லை.

சங்கிலியை அவளுக்குக் கொடுங்கள். எனக்கு வாங்கினது என்று சொல்ல வேண்டாம்.

ஜெனி


இராயபுரம்,
28 நவம்பர் 2024

அஜின்,

ஜெனி எழுதியதை வாசித்தேன். அதோடு இதையும் ஒரே கவரில் வைக்கிறேன்.

நீ வர வேண்டாம்.

இதை எழுத எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆயிற்று. நாலு வருஷமாக வா, வா என்று கெஞ்சினவன் நான். பிரசங்கியார் முதல் பால்காரன் வரை மகன் டிசம்பரில் வருகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று சபையில் கேட்டார்கள், டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். இனிமேல் நானும் உன்னைப் போலத்தான் பேச வேண்டியிருக்கும்.

நீ பிள்ளை பெற்றதற்காக நான் இதை எழுதவில்லை. உலகத்தில் நடக்காததா? கொஞ்ச நாள் கத்தியிருப்பேன், பிறகு படம் அனுப்பு என்று கேட்டிருப்பேன். ஆனால் நீயாக எழுது என்று விட்டபோது, எனக்கு வயசாகிவிட்டது என்றாய். பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டேன், டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாய். விலை பேசி முடித்த சரக்கை எடைபோடும்போது வேண்டாம் என்று நழுவுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கடை படி ஏற விட மாட்டேன். நீ என் மகன் என்பதற்காக உன்னை மட்டும் ஏற விட முடியாது.

நீ இறங்கி வந்தால் என் கண்ணுக்கு நீ தெரிய மாட்டாய். அங்கே ஒரு பிள்ளை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். இந்த வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்த ஒருத்தியைத் தினமும் பார்த்துவிட்டேன். இன்னொன்று வேண்டாம்.

டிக்கெட்டை ரத்து செய். விட்ட வேலையைத் திரும்பக் கேள், கொடுக்காவிட்டால் வேறு வேலை தேடு. அந்த வீட்டுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவன், போன இடத்தில் இரு. அவள் சேர்த்துக்கொள்வாளா, துரத்துவாளா, அது அவள் பாடு. துரத்தினாலும் பக்கத்துத் தெருவில் இரு.

கடையில் பாதியை ஜெனி பெயருக்கு எழுதிவிட்டேன். மீதிப் பாதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுதுவதற்குப் பெயர் வேண்டும், எனக்குப் பெயர் தெரியாது. வக்கீல் பேத்தி என்று மட்டும் போட முடியாது என்கிறான். "பேரு இன்னா சார்?" என்று அவன் குமாஸ்தா மூன்று தடவை கேட்டான்.

காசிமேட்டுக் கல்லறையில் உன் அம்மா பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது. அதற்கும் நீ வர வேண்டாம். அன்றைக்கு ஜெனி பார்த்துக்கொள்வாள், பதுருன்னிசாவின் புருஷன் ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. ஒரு அட்டையில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. அதன் கீழே சுகம் என்றோ, மன்னியுங்கள் என்றோ எதுவும் எழுத வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

அப்பா